ஒரு எக்செல் கோப்பும் 57 நாட்களும்: அயர்லாந்து சுகாதாரத் துறைத் தாக்குதலை வைத்து அலுவலகப் பாதுகாப்புப் பயிற்சி

2021 மார்ச் 16 அன்று அயர்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான எச்எஸ்இ-க்கு ஒரு மோசடி மெயில் போனது. மார்ச் 18 அன்று அங்குள்ள ஒரு கணினியில், அந்த மெயிலோடு வந்த எக்செல் கோப்பை ஒருவர் திறந்தார். மே 14 அதிகாலை 1 மணிக்கு அந்த அமைப்பின் வலைப்பின்னல் முழுக்க ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள், ஓடத் தொடங்கியது. கோப்பு திறந்ததற்கும் இதற்கும் நடுவில் 57 நாட்கள்.

எச்எஸ்இ சின்ன அலுவலகம் அல்ல. அன்றைக்கு 1,30,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், 4,000-க்கும் மேற்பட்ட இடங்கள், 54 மருத்துவமனைகள், 70,000-க்கும் மேற்பட்ட கணினிகள் என்று நாடு முழுக்கப் பரவியிருந்தது. தாக்கியது கான்டி என்ற கும்பல். நடந்ததை எச்எஸ்இ மூடி மறைக்கவில்லை. வெளி நிறுவனமான பிடபிள்யூசி-யை வைத்து ஆய்வு செய்து, நாள்வாரியான அறிக்கையை அதே ஆண்டு டிசம்பரில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. ஒரு கோப்பைத் திறந்ததில் தொடங்கி, ஒரு நாட்டின் மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்பியது வரை தேதி போட்டுச் சொல்லும் ஆவணங்கள் அரிது. அதனால்தான் சாதாரண அலுவலக ஊழியருக்கான பயிற்சிக்கு இந்த நிகழ்வைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலான அலுவலகங்களில் கணினிப் பாதுகாப்புப் பயிற்சி என்பது ஒரே வரிதான்: "தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள்." அந்த வரி தவறில்லை. ஆனால் திறந்த பிறகு என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. எச்எஸ்இ-யில் கோப்பு திறக்கப்பட்டது முதல் நாள். மிச்சம் எட்டு வாரம், தடுத்திருக்கக்கூடிய காலம். பயிற்சியின் பெரும்பகுதி அந்த எட்டு வாரத்துக்காக இருக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கோப்பு திறந்தபோது என்ன நடக்கிறது

அந்தக் காலத்தில் மோசடி மெயிலில் வந்த எக்செல் கோப்புகள் பெரும்பாலும் மேக்ரோ வழியாகவே வேலை செய்தன. மேக்ரோ என்பது கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல். இணையத்திலிருந்து வரும் கோப்புக்கு விண்டோஸ் ஓர் அடையாளம் ஒட்டிவைக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்தால் எக்செல் கோப்பைப் 'புரொடெக்டட் வியூ'வில் திறந்து, மேலே மஞ்சள் பட்டை காட்டும். அந்த நிலையில் மேக்ரோ ஓடாது. மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தி, அடுத்து வரும் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தினால்தான் ஓடும்.

மோசடிக்காரருக்கு இது தெரியும். அதனால் தாளின் நடுவில் ஒரு படத்தை வைத்திருப்பார். மைக்ரோசாஃப்ட் சின்னம், அதன் கீழே "இந்த ஆவணம் பழைய பதிப்பில் உருவாக்கப்பட்டது, பார்க்க வேண்டுமானால் மேலே உள்ள இரண்டு பொத்தான்களையும் அழுத்தவும்" என்ற வாசகம். சில கோப்புகளில் பின்னணியில் ஒரு பட்டியல் மங்கலாகத் தெரியும், பொத்தானை அழுத்தினால் தெளிவாகும் என்று தோன்றும்படி. இதை வகுப்பில் திரையில் காட்டிவிட வேண்டும். ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்வார். உண்மையான விலைப்பட்டியலோ சம்பளப் பட்டியலோ, தன்னைப் படிக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தாளுக்குள்ளேயே படம் போட்டுச் சொல்லாது.

2022-இல் மைக்ரோசாஃப்ட் இந்த வழியை இறுக்கியது. இப்போது இணையத்திலிருந்து வந்த மேக்ரோ கோப்புக்குச் சிவப்புப் பட்டை வரும். அதில் அனுமதிக்கும் பொத்தானே இல்லை. ஆனாலும் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, மோசடி மெயிலே "கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் 'அன்பிளாக்' டிக் செய்யுங்கள்" என்று வழிகாட்டும். இரண்டாவது, பென் டிரைவ். விண்டோஸ் ஒட்டும் அந்த அடையாளம் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த டிஸ்க்கில்தான் தங்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால், அதில் நகல் எடுத்ததுமே அடையாளம் உதிர்ந்துவிடும். பக்கத்து அலுவலகத்திலிருந்து பென் டிரைவில் வந்த கோப்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறந்தால், அது சுத்தமான கோப்பு என்று அர்த்தமில்லை. மூன்றாவது, ஜிப் கோப்பு. சில பழைய விரிப்பான் மென்பொருள்கள் அடையாளத்தை உள்ளிருக்கும் கோப்புக்குக் கடத்துவதில்லை.

மேக்ரோ அடைபட்டதும் மோசடிக்காரர்கள் ஐஎஸ்ஓ, எல்என்கே, ஒன்நோட், எச்டிஎம்எல் கோப்புகளுக்குப் போனார்கள். 2024 முதல் கோப்பே இல்லாத ஒரு வழியும் பரவியிருக்கிறது. ஒரு வலைப்பக்கம் "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்று கேட்கும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லும். பிறகு கன்ட்ரோல்-வி, பிறகு என்டர். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். இந்த மூன்று அழுத்தல்கள் அதை உங்கள் கணினியில் ஓட்டிவிடும். நீங்கள் மனிதரா என்று சோதிக்க எந்த உண்மையான இணையதளமும் விண்டோஸ்-ஆர் அழுத்தச் சொல்லாது. இந்த ஒரு விதியை மட்டும் வகுப்பில் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லவைக்கலாம்.

மார்ச் 31: ஒலித்த மணி

எச்எஸ்இ-யில் முதல் கணினியைப் பிடித்த ஐந்தாம் நாள், மார்ச் 23 அன்று, தாக்கியவர் அதில் வேரூன்றினார். கணினியை அணைத்துப் போட்டாலும், மறுபடி இயக்கினாலும் அவருடைய பிடி விடாதபடி ஏற்பாடு செய்துகொண்டார். "ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், சரியாயிடுச்சு" என்று ஊழியர் சொல்வதை ஐடி பிரிவு ஏன் ஏற்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மார்ச் 31 அன்று அந்தக் கணினியில் இருந்த ஆன்டிவைரஸ் இரண்டு கருவிகளைக் கண்டுபிடித்தது: கோபால்ட் ஸ்ட்ரைக், மிமிகேட்ஸ். கோபால்ட் ஸ்ட்ரைக் என்பது பாதுகாப்புச் சோதனைக்காக விற்கப்படும் மென்பொருள். திருட்டுப் பிரதிகளைக் கும்பல்கள் பயன்படுத்துகின்றன. பிடித்த கணினியிலிருந்து வெளியே இருக்கும் தலைமையிடத்தோடு பேசிக்கொண்டே இருப்பது அதன் வேலை. மிமிகேட்ஸ் கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும் கடவுச்சொற்களையும் அவற்றின் ஹாஷ்களையும் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கும் குறியீடுகள்) எடுக்கும். சாதாரண அலுவலகக் கணினியில் இந்த இரண்டும் இருக்க நியாயமான காரணமே கிடையாது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால், யாரோ உள்ளே உட்கார்ந்து சாவி தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

ஆன்டிவைரஸ் கண்டுபிடித்தது, ஆனால் தடுக்கவில்லை. அது கண்காணிப்பு நிலையில் மட்டும் அமைக்கப்பட்டிருந்தது. அதாவது பார்த்ததைப் பதிவு செய்யும், நிறுத்தாது. அந்தப் பதிவை யாரும் பின்தொடரவில்லை. இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ரேன்சம்வேர் வெடிக்க இன்னும் 44 நாட்கள் இருந்தன. ஒரே ஒரு கணினிதான் பாதிக்கப்பட்டிருந்தது. அதை வலையிலிருந்து கழற்றி, அழித்துப் புதிதாக நிறுவி, அதில் நுழைந்தவர்களின் கடவுச்சொற்களை மாற்றியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

எச்எஸ்இ-யில் இணையப் பாதுகாப்புக்கென்று தலைமை நிலையில் பொறுப்பான ஒருவர் இல்லை. அந்தப் பணியில் இருந்தவர்கள் சுமார் 15 பேர்தான். 30,000-க்கும் மேற்பட்ட கணினிகள் விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இவ்வளவு பெரிய குறைகள் இருக்கும்போது, கோப்பைத் திறந்த அந்த ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. 1,30,000 பேரில் யாரோ ஒருவர் என்றைக்காவது ஒரு நாள் திறக்கத்தான் செய்வார்.

மே 7 முதல் 14 வரை

ஐந்து வாரம் கழித்து, மே 7 அன்று, தாக்கியவர் முதன்முறையாக எச்எஸ்இ-யின் சர்வர்களுக்குள் நுழைந்தார். மே 8-க்கும் 12-க்கும் இடையில் ஏழு மருத்துவமனைகளின் அமைப்புகளுக்குள் பரவினார். மே 10 அன்று ஒரு மருத்துவமனை எல்லோருடைய உள்நுழைவையும் சரிபார்க்கும் மைய சர்வரான தன் டொமைன் கன்ட்ரோலரிலேயே சந்தேகமான நடமாட்டத்தைக் கண்டது. மே 12 அன்று இன்னொரு மருத்துவமனை தன் எச்சரிக்கைகளை எச்எஸ்இ-க்குத் தெரிவித்தது. மே 13 அன்று ஆன்டிவைரஸ் சேவை வழங்கும் நிறுவனமே எச்எஸ்இ-க்கு மெயில் போட்டது: மே 7 முதல் குறைந்தது 16 கணினிகளில் கையாளப்படாத அச்சுறுத்தல்கள் இருக்கின்றன என்று. அதற்குக் கிடைத்த பதில், சர்வர்களை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி சர்வர் குழுவுக்குப் போன ஒரு வேண்டுகோள்.

அதே வாரத்தில் வேறு மாதிரியும் நடந்தது. சுகாதார அமைச்சகமும் ஒரு மருத்துவமனையும் தங்களிடம் வந்த எச்சரிக்கைகளை உடனே எடுத்து விசாரித்து நடவடிக்கை எடுத்தன. அந்த இரண்டு இடங்களிலும் ரேன்சம்வேர் வெற்றி பெறவில்லை. அதே கும்பல், அதே வாரம். எச்சரிக்கையைக் கையில் எடுத்த இடம் தப்பித்தது.

மே 14 அதிகாலை 2:50-க்கு மருத்துவமனைகளிலிருந்து எச்எஸ்இ-க்குத் தகவல் வரத் தொடங்கியது. காலைக்குள் எச்எஸ்இ தன் கணினி அமைப்புகள் அனைத்தையும் அணைத்து, தேசியச் சுகாதார வலையை இணையத்திலிருந்து துண்டித்தது. கடுமையான முடிவு, சரியான முடிவு. டப்ளினின் ரொடண்டா மகப்பேறு மருத்துவமனை, கர்ப்பம் 36 வாரத்தைத் தாண்டியவர்களைத் தவிர மற்ற வெளிநோயாளிச் சந்திப்புகளை அன்று ரத்து செய்தது. ஸ்கேன் படங்கள் திரைக்கு வரவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது. ஆய்வக முடிவுகள் தாளில் எழுதி ஆள் கையில் போயின. மெயில் இல்லை, வலை வழியாக ஓடிய தொலைபேசிகளும் இல்லை.

கும்பல் 2 கோடி டாலர் கேட்டதாகச் செய்தி வந்தது. அயர்லாந்து அரசு கொடுக்க மாட்டோம் என்றது. மே 20 அன்று கும்பல், பூட்டிய கோப்புகளைத் திறக்கும் திறவுகோலைத் தானாகவே வெளியிட்டது. திறவுகோல் கையில் இருந்தும் எல்லாச் சர்வர்களையும் மீட்டெடுக்க செப்டம்பர் 21 ஆனது. நான்கு மாதம். "பணம் கொடுத்தால் மறுநாளே எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு இந்தத் தேதிகளைக் காட்ட வேண்டும்.

சொல்லாமல் இருப்பது ஏன்

இணையத் தாக்குதல்கள் பற்றி அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் வெளியிட்ட 2024 அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மோசடி மெயிலைத் திறந்தவர், இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேர் இதைவிட வேகம்), 21 வினாடியில் லிங்க்கை அழுத்திவிடுகிறார். அடுத்த 28 வினாடியில் விவரங்களைத் தட்டிவிடுகிறார். ஒரு நிமிடம்கூட இல்லை. ஆகவே யோசித்துச் செயல்படுங்கள் என்ற அறிவுரையை மட்டும் நம்பி ஓர் அலுவலகத்தைக் காக்க முடியாது. அதே அறிக்கையில், பயிற்சி மெயில்களில் (சோதனைக்காக நிறுவனமே அனுப்பும் போலி மோசடி மெயில்கள்) சிக்காமல் புகார் செய்தவர்கள் சுமார் 20 சதவீதம். சிக்கியபிறகு புகார் செய்தவர்கள் 11 சதவீதம். பத்துப் பேர் அழுத்தினால் ஒருவர்தான் வாய் திறக்கிறார்.

மற்றவர்கள் ஏன் சொல்வதில்லை? பல அலுவலகங்களில் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டிருப்பார், "படிச்சவங்கதானே நீங்க?" சம்பளத்தில் பிடித்தம், மெமோ, நோட்டீஸ் போர்டில் பெயர். ஒரு முறை இப்படி நடந்தால் போதும்; அடுத்து அழுத்துகிறவர் மெயிலை அழித்துவிட்டு, ட்ராஷையும் காலி செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வேலையைத் தொடருவார். தாக்குகிறவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் நடத்திய ஆய்வும் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. பயிற்சி மெயிலில் சிக்கியவரை உடனே ஒரு பாடப் பக்கத்துக்கு அனுப்பும் முறை அவர்களை மேலும் எச்சரிக்கையானவர்களாக ஆக்கவில்லை. சிலருக்கு எதிர்ப் பலனும் கொடுத்தது. ஆனால் மெயில் திரையிலேயே ஒரு புகார்ப் பொத்தான் வைத்தபோது ஊழியர்கள் அதை மாதக்கணக்கில் சலிக்காமல் பயன்படுத்தினார்கள், புதிய மோசடி மெயில்கள் விரைவாக வெளிச்சத்துக்கு வந்தன.

திறந்துவிட்டால்: முதல் பத்து நிமிடம்

இதை அச்சிட்டு மேசையில் ஒட்டிவைக்கலாம். வரிசை முக்கியம்.

முதலில் வலையைத் துண்டியுங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். கேபிளைக் கழற்றியதும் லேப்டாப் தானாகவே வைஃபைக்குத் தாவும். பலர் சறுக்குவது இங்கேதான். ஏர்பிளேன் மோடையும் போட்டுவிடுங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட் இணைந்திருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கணினியை அணைக்க வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் அணைத்தால் போய்விடும். ஒரே ஒரு விதிவிலக்கு: கண்ணெதிரே கோப்புகளின் பெயர்கள் மாறிக்கொண்டிருந்து, வலையைத் துண்டிக்கவும் முடியவில்லை என்றால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம்.

அடுத்து, போன் செய்யுங்கள். அந்தக் கணினியிலிருந்து மெயிலோ சாட்டோ அனுப்பாதீர்கள். உள்ளே இருப்பவர் அதைப் படிக்கக்கூடும். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே ஒரு முறை பேசிப் பார்க்க வேண்டும். இப்படி:

"சார், அக்கவுண்ட்ஸ்ல இருந்து பேசறேன். 10:40-க்கு வந்த மெயில்ல இருந்த எக்செல்லைத் திறந்துட்டேன். மஞ்சள் பட்டையில ரெண்டு பொத்தானும் அழுத்திட்டேன். கறுப்பா ஒரு விண்டோ வந்துட்டுப் போச்சு. பாஸ்வேர்ட் எங்கயும் போடல. கேபிளைக் கழட்டிட்டேன், மெஷினை ஆஃப் பண்ணல."

"நல்லதும்மா, உடனே சொன்னீங்க. மெயிலை அழிக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றேன். உங்க செக்‌ஷன்ல வேற யாருக்கும் அதே மெயில் வந்திருக்கான்னு மட்டும் கேட்டு வைங்க."

அந்தப் பெண் சொன்னதில் ஐடி பிரிவுக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது: நேரம், கோப்பு வகை, அழுத்திய பொத்தான், திரையில் பார்த்தது, கடவுச்சொல் போனதா இல்லையா, வலை துண்டிக்கப்பட்டதா. ஐடி ஊழியர் சொன்ன பதிலின் முதல் வாக்கியமும் அதே அளவு முக்கியம். அந்த ஒரு பாராட்டில்தான் அடுத்த போன் வரும்.

கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால், வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ உடனே மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது; கணக்கு அமைப்பில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். ஏற்கனவே திறந்திருக்கும் உள்நுழைவு, கடவுச்சொல் மாறினாலும் சில நேரம் உயிரோடு இருக்கும். பிறகு மெயில் அமைப்பில் யாராவது தானியங்கி ஃபார்வர்ட் விதி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு வரும் மெயிலின் நகலைத் தமக்கு வரவைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அதே கடவுச்சொல்லை வங்கியிலோ வேறு தளத்திலோ வைத்திருந்தால், அங்கேயும் மாற்ற வேண்டும்.

போனை எடுப்பவர் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியைப் பல பயிற்சிகள் தொடுவதே இல்லை. எச்எஸ்இ-யின் கதை இங்கேதான் கோணியது.

ஐடி ஊழியர் செய்யும் மிகப் பெரிய தவறு, சந்தேகத்துக்குரிய கணினியில் தன் டொமைன் அட்மின் கணக்கால் (வலையில் உள்ள எல்லாக் கணினிகளையும் ஆளும் கணக்கு) நுழைந்து "என்னன்னு பார்க்கிறேன்" என்பது. மிமிகேட்ஸ் காத்திருப்பது அதற்குத்தான். ஒரு கணினியில் யார் நேரடியாக நுழைந்தாலும் அவருடைய அடையாளச் சான்றுகள் அதன் நினைவகத்தில் தங்கும். சாதாரண ஊழியரின் கணினியில் அட்மின் ஒரு முறை நுழைந்தால், அலுவலகம் முழுவதற்குமான சாவி அங்கே விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியான உள்ளூர் அட்மின் கடவுச்சொல் இருக்க வேண்டும். விண்டோஸின் லேப்ஸ் வசதி அதைத் தானே உருவாக்கித் தானே மாற்றும். அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, அதே மெயில் வேறு யார் பெட்டியில் இருக்கிறது என்று தேடி, எல்லாப் பெட்டிகளிலிருந்தும் எடுப்பது. இதில் தாமதம் ஆனால், ஒருவர் புகார் சொன்ன பிறகும் பத்துப் பேர் திறப்பார்கள். பாதிக்கப்பட்ட கணினியை ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டித் திருப்பிக் கொடுக்காதீர்கள். அழித்துப் புதிதாக நிறுவுங்கள். மார்ச் 23 அன்று நடந்த வேரூன்றலை ஸ்கேன் எல்லா நேரமும் பிடிக்காது. அந்தக் கணினியில் கடந்த ஒரு மாதத்தில் நுழைந்த எல்லாக் கணக்குகளுக்கும் கடவுச்சொல் மாற்றுங்கள்.

ஆன்டிவைரஸ் திரையை ஒருமுறை திறந்து, அது தடுக்கும் நிலையில் இருக்கிறதா, பார்க்கும் நிலையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதோ ஒரு பழைய மென்பொருளோடு மோதுகிறது என்று யாரோ எப்போதோ மாற்றிவைத்து, அப்படியே விட்டிருப்பார்கள். எச்சரிக்கைகள் யார் மெயிலுக்குப் போகின்றன? அவர் வேலையை விட்டுப் போய்விட்டாரா? விடுமுறையில் இருக்கும்போது யார் பார்ப்பார்? இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் அலுவலகங்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியர் இரண்டு நாள் கழித்துச் சொன்னால் நிர்வாகத்துக்கு அந்தச் சிக்கலும் சேரும். பணம் போயிருந்தால் இணைய நிதி மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

மெயிலைப் பார்க்கும் பழக்கம்

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சிலவே. அனுப்பியவரின் பெயரை நம்பாமல் முகவரியைப் பாருங்கள். கைபேசியில் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி வரும். விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பட்டியலுக்குள் 'ஷோ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்து வையுங்கள். இல்லாவிட்டால் 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்' என்று தெரிவதன் வால் 'டாட் இஎக்ஸ்இ' என்பது கண்ணுக்குப் படாது. ஜிப் கோப்புக்கான கடவுச்சொல் அதே மெயிலில் எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: பூட்டிய ஜிப்பை மெயில் சர்வரால் திறந்து பார்க்க முடியாது, அதற்காகவே பூட்டுகிறார்கள்.

தெரிந்தவரிடமிருந்து, ஏற்கனவே நடந்த உரையாடலின் தொடர்ச்சியாகவே மோசடி மெயில் வருவதும் உண்டு. அவருடைய பெட்டி பிடிபட்டிருக்கும். அப்போது எழுத்துப் பிழை தேடிப் பயனில்லை. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று எந்த மெயில் வந்தாலும், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அல்ல.

பேக்கப், அச்சிட்ட தாள்

எச்எஸ்இ-க்குத் திறவுகோல் இலவசமாகக் கிடைத்திராவிட்டால் கணிசமான தரவை இழந்திருக்கும் என்பது ஆய்வின் முடிவு; வலையிலிருந்து பிரித்துவைத்த டேப்பில் பேக்கப் அவ்வப்போதுதான் எடுக்கப்பட்டது. ஊழியர் தெரிந்துகொள்ள வேண்டியது எளிது. கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் வெளி டிஸ்க் பேக்கப் அல்ல. ரேன்சம்வேர் அதையும் பூட்டும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் பூட்டப்பட்ட பதிப்பும் ஒத்திசைந்து மேலே போகும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறதா, எத்தனை நாள் வரை என்று தெரிந்து வைத்திருங்கள். முக்கியமான கோப்பை டெஸ்க்டாப்பில் மட்டும் வைத்திருந்தால் அதை யாராலும் மீட்டுத் தர முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பையாவது பேக்கப்பிலிருந்து உண்மையிலேயே மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

மே 14 காலையில் எச்எஸ்இ சந்தித்த இன்னொரு நெருக்கடி, தொடர்பு எண்களும் அமைப்புகளின் பட்டியலும் உடனே கைக்குக் கிடைக்காதது. எது முதலில் மீள வேண்டும் என்பதை ஆட்களின் ஞாபகத்திலிருந்து திரட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கத் தாள் போதும்: ஐடி பொறுப்பாளர், மாற்று ஆள், மேலாளர், இணைய இணைப்பு நிறுவனம், ஆன்டிவைரஸ் நிறுவனம், வங்கிக் கிளை ஆகியவற்றின் எண்கள், முதலில் மீட்க வேண்டிய ஐந்து மென்பொருள்களின் பெயர், கணினி இல்லாமல் ரசீது போடுவது எப்படி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்களைச் சரிபார்த்து மறுபடி அச்சிட வேண்டும்.

வகுப்பை நடத்துவது

வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் என்பதைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30 நிமிடம் மேல். முதல் 10 நிமிடம் சமீபத்தில் உங்கள் அலுவலகத்துக்கே வந்த மோசடி மெயில் ஒன்றைத் திரையில் காட்டுங்கள், அனுப்பப்பட்டவரின் பெயரை மறைத்துவிட்டு. அடுத்த 10 நிமிடம் கேபிளைக் கழற்றி, ஏர்பிளேன் மோடு போட்டு, போன் செய்யும் ஒத்திகை. ஒவ்வொருவரும் தன் மேசையில், தன் கணினியில். கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்றே தெரியாதவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் உண்டு. கடைசி 10 நிமிடம் கேள்விகளுக்கு.

பயிற்சி மெயில் அனுப்பினால், எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதை முதன்மை அளவாக வைக்காதீர்கள். அந்த எண் மெயில் எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது, சிக்கியவர்களில் எத்தனை பேர் தாங்களாகவே சொன்னார்கள், புகாரிலிருந்து மெயிலைப் பெட்டிகளிலிருந்து நீக்க ஐடி பிரிவு எவ்வளவு நேரம் எடுத்தது: இந்த மூன்றையும் குறித்து வையுங்கள். போனஸ் அறிவிப்பு, வேலை நீக்கம் போன்றவற்றைப் பயிற்சி மெயிலில் தூண்டிலாக வைக்க வேண்டாம். ஊழியர்களுக்கு நிர்வாகத்தின் மேல் வெறுப்புதான் வரும். அடுத்த முறை உண்மையான மெயில் வரும்போது போன் செய்ய மாட்டார்கள்.

மேலாளர்களையும் வகுப்பில் உட்கார வையுங்கள். அவசரம் என்று சொல்லி விதியை மீறச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களே, அவர்கள் பெயரில்தான் மோசடி மெயிலும் வரும். ஒப்பந்த ஊழியர், டேட்டா என்ட்ரி பணியாளர், வரவேற்பறையில் இருப்பவர், இரவுப் பணியாளர் என்று கணினியைத் தொடும் எல்லோரும் பட்டியலில் இருக்க வேண்டும். இரவுப் பணியாளருக்கு அழைக்க வேண்டிய எண் வேறாக இருந்தால், அவருடைய அட்டையில் அந்த எண்ணை அச்சிடுங்கள். ஓர் இரவு, முன்னறிவிப்பில்லாமல், அந்த எண்ணுக்கு அழைத்து யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.